திரைக்கு உள்ளே யாருடைய கேமரா?

நிக்காஹ் மஜ்லிஸில் பெண்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்குகிறோம். வாயிலில் திரையும் இடுகிறோம். ஆனால் அந்நிய ஆடவர் ஒருவர் கேமராவுடன் அத்திரையை விலக்கி உள்ளே செல்கையில் வாய்மூடி நிற்கிறோம். கேட்டால், "படம் எடுக்கப் பெண்கள் கிடைக்கவில்லை" என்கிறோம்.

வந்தவர்களை நிலைக்க விடாதவர்கள் நாமே. நம் சகோதரி ஒருவர் கடன்பட்டுக் கேமராவும் லென்ஸும் வாங்கித் தொழில் தொடங்கினால், "நம்ம பிள்ளைதானே" என்று கூலியைப் பாதியாக்குகிறோம். வலீமா விருந்துக்குக் கணக்குப் பாராத நாம், ஆல்பம் கைக்கு வந்த பின்னும் மீதித் தொகையை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறோம். படங்களைத் தெரிவுசெய்து திருத்த அவர் விழித்திருந்த இரவுகள் நம் கணக்கில் வருவதே இல்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகளாரின் (ஸல்) உம்மத்தா நாம்?

தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது. ஆகவே முன்பணம், மீதி செலுத்தும் நாள், ஆல்பம் தரும் நாள் அனைத்தையும் எழுதிக் கையொப்பமிடுவோம். தொழில்புரியும் சகோதரிகளே, படங்கள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அனுமதியின்றி ஒன்றையும் விளம்பரத்துக்கு வெளியிடோம் என்பதையும் அதில் சேருங்கள்.

உரிய கூலியைக் கொடுக்க மனமில்லாத நமக்குத் திரையைப் பற்றிப் பேச என்ன தகுதி இருக்கிறது?