தீ தடுக்கும் பிளாஸ்டிக்: ஆபத்து மணியில் இல்லை, சூட்டில் இருக்கிறது

தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்குச் சோறு போடும் இடம் இன்று பிளாஸ்டிக் தொழிற்சாலை. செபராங் பிறை, ஷா ஆலாம், செனாய் வட்டாரங்களில் மின்சுவிட்ச், பிளக், தொலைக்காட்சியின் பின்மூடி, கணினிப் பாகங்கள் என்று இரவு பகலாக வார்த்துக் கொடுக்கும் இயந்திரங்களின் முன்னால் அவர்கள் மூன்று ஷிப்டாக நிற்கிறார்கள். அந்த இயந்திரங்களுக்குத் தீனி, 25 கிலோ மூட்டையில் வரும் பிளாஸ்டிக் மணி. மலாயில் பிஜி பிளாஸ்டிக், வேலையிடத்தில் பெல்லட் அல்லது ரெசின். பார்ப்பதற்கு அரிசியைவிடச் சற்றே தடித்திருக்கும்.

மூட்டையில் 'எப்ஆர்' என்ற இரண்டு எழுத்து இருந்தால் அது தீ தடுக்கும் ரகம். மின்சாரம் ஓடும் பொருளுக்கு இது கட்டாயம் போலாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்து, 'இது எரியாது, அதனால் பயமில்லை' என்று நினைப்பவர்கள் தொழிலாளர்களில் மட்டுமல்ல, சூப்பர்வைசர்களிலும் உண்டு. அந்த நினைப்பு பாதிதான் சரி.

இந்த ரகங்களுக்குக் கொடுக்கப்படும் உயர்ந்த தரங்களில் ஒன்று வி-0. செங்குத்தாகப் பிடித்த மெல்லிய துண்டில் 10 விநாடி தீயைக் காட்டி எடுத்தால், அடுத்த 10 விநாடிக்குள் அது தானாக அணைய வேண்டும்; சொட்டும் துளி கீழே உள்ள பஞ்சைப் பற்ற வைக்கக்கூடாது. அவ்வளவுதான் அந்தத் தரம் சொல்வது. எரியவே எரியாது என்று அது சொல்லவில்லை. கிடங்கில் அடுக்கி வைத்த மூட்டைகள் பெரிய நெருப்பில் சிக்கினால் இதுவும் எரியும். எரியும்போது வரும் புகை சாதாரண பிளாஸ்டிக்கின் புகையைவிட மோசமாகக்கூட இருக்கலாம்.

காரணம் இதன் வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. புரோமின் கலந்த ரகம் சூடேறும்போது ஒரு வாயுவை வெளியிட்டுத் தீச்சுடரை அமுக்குகிறது. அதற்குத் துணையாக ஆன்டிமனி டிரையாக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியும் சேர்க்கப்படுவதுண்டு. கேபிள் உறைகளில் அதிகம் பயன்படும் அலுமினியம் ஹைட்ராக்ஸைடு சுமார் 200 டிகிரியில் நீராவியை விட்டு நெருப்பைக் குளிர வைக்கிறது. ஆக, சூடு பட்டால் எதையாவது வெளியே விடுவதுதான் இந்தப் பொருளின் குணம். வீட்டில் தீப்பிடிக்கும்போது அந்தக் குணம் உயிரைக் காக்கும். தொழிற்சாலையில் பேரலின் சூடு எல்லை மீறும்போது அதே குணம் இயந்திரத்தின் முன்னால் நிற்பவரின் மூக்கைத் தேடி வருகிறது.

மூட்டையில் இருக்கும் மணி பெரிய ஆபத்தல்ல. ரசாயனம் பிளாஸ்டிக்குக்குள் கட்டுண்டு கிடக்கிறது. கையில் அள்ளினால் விஷம் ஏறிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை; தரையில் சிந்திய மணியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும் வாய்ப்புதான் அதைவிட அதிகம். சிக்கல் தொடங்குவது இரண்டு இடத்தில்: பேரலிலும் கிரஷரிலும்.

அச்சு சிக்கிக்கொள்கிறது, டெக்னீஷியன் வரவில்லை, சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஹீட்டரை அணைக்காமல், பேரலுக்குள் பொருளை அப்படியே விட்டுப் போகிறார்கள். புரோமின் ரகம் அந்தச் சூட்டில் நீண்ட நேரம் கிடந்தால் சிதையத் தொடங்கி, ஹைட்ரஜன் புரோமைடு என்ற அமில வாயுவை விடும். அது மூக்கு, தொண்டை, கண்ணின் ஈரத்தில் பட்டால் அமிலமாகிறது. எரிச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம் எல்லாம் அதன் வேலை. அதே வாயுதான் இரும்பு அச்சையும் அரிக்கிறது. அச்சில் துரு கண்டால் நிர்வாகம் உடனே விசாரிக்கும், ஏனென்றால் அதன் விலை பெரிது. அந்த அச்சின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவரின் தொண்டை கரகரத்தால் பனடோல் கிடைக்கும்.

செய்ய வேண்டியது சிரமமானதல்ல. இயந்திரத்தை நிறுத்துமுன் சூட்டைக் குறைத்து, எப்ஆர் பொருளை வெளியே தள்ளி, சாதாரண பாலிஎத்திலீன் போன்ற ஒன்றால் பேரலைக் கழுவ வேண்டும். இதைத்தான் பர்ஜிங் என்கிறார்கள். வெளியே வரும் சூடான கட்டியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் இரும்புத் தட்டிலோ தண்ணீரிலோ போட வேண்டும். மேலே ஆறியது போல் இருந்தாலும் உள்ளே வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். பற்சக்கரம் வார்க்கும் அசெட்டல் என்ற பிளாஸ்டிக் ஓடிய அதே பேரலில், கழுவாமல் புரோமின் ரகத்தைப் போடுவது மிக ஆபத்து. அமிலம் பட்டால் அசெட்டல் சட்டென்று சிதைந்து பார்மால்டிஹைடு வாயுவாக மாறும். உள்ளே அழுத்தம் ஏறி, உருகிய பிளாஸ்டிக் முகத்தில் பீறிட்டு அடிக்கலாம். பழைய ஆப்பரேட்டர்களுக்கு இது தெரியும். போன மாதம் சேர்ந்த குத்தகைத் தொழிலாளிக்கு யார் சொன்னது என்பதுதான் கேள்வி.

இன்னோர் இடம் கிரஷர். கழிவுத் துண்டுகளை அரைக்கும்போது தூசு கிளம்புகிறது. மணிக்குள் கட்டுண்டிருந்த ஆன்டிமனியும் தூசோடு வெளியே வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-இல் இந்த வகை ஆன்டிமனியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பிரிவில் வைத்தது. தரையைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் அந்தத் தூசை எல்லார் நுரையீரலுக்கும் பங்கு போடுகிறது. உறிஞ்சும் இயந்திரமோ ஈரத் துணியோதான் வழி. கடையில் வாங்கும் மெல்லிய முகக்கவசம் பேரலில் இருந்து வரும் வாயுவைத் தடுக்காது. வாயுவை வெளியே இழுக்கும் காற்றுப் போக்கி இயந்திரத்தின் தலைக்கு மேல் இருந்தால்தான் பலன்.

மூட்டையின் மேல் உள்ள எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் கொடுத்த விலை அதிகம். 1973-இல் அங்குள்ள ஒரு ரசாயன ஆலை, பயர்மாஸ்டர் என்ற தீத்தடுப்புப் பொருளையும் நியூட்ரிமாஸ்டர் என்ற மாட்டுத்தீவனச் சத்தையும் தயாரித்து வந்தது. மூட்டை மாறித் தீத்தடுப்புப் பொருள் தீவன ஆலைக்குப் போய்விட்டது. சுமார் 30,000 மாடுகளும் 15 லட்சம் கோழிகளும் அழிக்கப்பட்டன. அதற்குள் பாலும் இறைச்சியும் மக்களின் வயிற்றுக்குள் போயிருந்தன. அவர்களின் உடல்நலத்தை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள்.

மூட்டை மாறும் ஆபத்து இங்கேயும் வேறு உருவில் இருக்கிறது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்த பிறகு, குவால லங்காட்டின் ஜெஞ்சாரோமில் உரிமமில்லாத மறுசுழற்சி ஆலைகள் முளைத்ததையும், குடியிருப்பாளர்கள் புகையில் தவித்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. பழைய தொலைக்காட்சி, கணினி உறைகளை அரைத்துச் செய்யும் கறுப்பு மணியில், ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இலும் 2017-இலும் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்த பழைய புரோமின் பொருள்கள் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. விலை மலிவு என்று வாங்கும் சிறிய ஆலையில், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாமல் போகலாம்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. அபாயகரமான ரசாயனத்தை விற்பவர் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாளை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு விதிமுறை. அந்தத் தாள் தொழிலாளியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டு விதிமுறை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் உச்ச அபராதத்தை 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. உடனடி ஆபத்து இருந்தும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையையும் அது கொடுத்தது.

நடைமுறையில் தாள் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கும். கிடைத்தாலும் முதல் பக்கத்தில் 'அபாயப் பொருள் அல்ல' என்று இருப்பதைப் பார்த்து மூடிவிடுவார்கள். மணிக்கு அது உண்மை. இயந்திரத்தருகே நிற்பவர் படிக்க வேண்டியது 8-ஆம் பகுதியும் 10-ஆம் பகுதியும். காற்றோட்டம் எப்படி இருக்க வேண்டும், சூட்டில் சிதைந்தால் என்ன வாயு வரும் என்பவை அங்கேதான் இருக்கும். சோம்பல் படாமல் அந்த இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து இயந்திரத்தருகே ஒட்டும் சூப்பர்வைசர், ஓர் ஆண்டின் பாதுகாப்பு வார விழா முழுவதும் செய்யாததைச் செய்துவிடுகிறார்.

இதெல்லாம் பிற்பாடு கிளினிக்கில் வந்து நிற்கும். மூச்சுத்திணறலோடு போகிறவரிடம் மருத்துவர் என்ன வேலை, என்ன பொருள் என்று கேட்பார். 'பிளாஸ்டிக் கம்பெனி' என்ற பதிலோடு அட்டையில் ஆஸ்துமா என்று எழுதப்படும். வேலையால் வந்த நோய் என்ற எண்ணமே எழாது. பொருளின் பெயர் தெரிந்தால், மருத்துவர் டோஷ் துறைக்குத் தெரிவிக்கவும் சொக்சோவில் தொழில் நோய்க்கு மனுச் செய்யவும் பிடிமானம் கிடைக்கிறது. பல ஆலைகளில் கைப்பேசியை உள்ளே விடுவதில்லை. மூட்டையில் உள்ள ரகத்தின் பெயரையும் எண்ணையும், எந்தத் தேதியிலிருந்து அதை ஓட்டினார் என்பதையும் ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்திருக்கலாம். சம்பளச் சீட்டு வைக்கும் அதே கோப்பில் அதற்கும் இடமிருக்கும்.