ரெட் ஒயின் மருந்து இல்லீங்க! – ஒரு த்ரெட்

1/ "சார், நான் குடிக்கிறதில்ல. மட்டனோட ரெண்டு கிளாஸ் ஃப்ரெஞ்ச் ரெட் ஒயின், அவ்ளோதான். ஹார்ட்டுக்கு நல்லதுதானே?" கல்லீரலில் கொழுப்புன்னு ஸ்கேன் ரிப்போர்ட்டோட வந்தவர் கேட்டது. நிறைய பேர் நம்புறீங்க, அதான் எழுதுறேன்.

2/ முதல்ல ருசி. போர்தோ ரெட் பெரும்பாலும் கலவைதான். கேபர்னே சாவின்யோன் துவர்ப்பு தரும், மெர்லோ அதை மென்மையாக்கும், கேபர்னே ஃப்ராங் மணம் சேர்க்கும்.

3/ ஆட்டுக்கறி ஏன் பொருந்துது? திராட்சைத் தோல், விதையில் இருக்கும் டானின் நம்ம உமிழ்நீர்ப் புரதத்தோட ஒட்டிக்கும். நாவல்பழம் தின்ன மாதிரி நாக்கு வறளும். கறியின் புரதமும் கொழுப்பும் கூட சேர்ந்தா துவர்ப்பு அடங்கும். அதே ஒயினைக் காரமான சுக்காவோட குடிச்சா எரிச்சல் கூடும். இதெல்லாம் உண்மை. இதுல எனக்குச் சண்டையே இல்லை.

4/ சண்டை எங்கன்னா, ருசியைச் சொல்லிட்டு அதே மூச்சில் "இதயத்துக்கு நல்லது"ன்னு சொருகுற இடத்தில்.

5/ 1991-ல் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' டிவி நிகழ்ச்சி இதைப் பரப்பியது: பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பு நிறைய சாப்பிட்டும் மாரடைப்பு குறைவு, காரணம் ரெட் ஒயினா இருக்கலாம்னு. அங்கே ஒயின் விற்பனை எகிறியது. ஆனா இப்படிச் சொன்ன பல ஆய்வுகளில், உடம்பு கெட்டு குடியை விட்டவர்களும் 'குடிக்காதவர்' கணக்கில்தான் இருந்தாங்க. அப்போ அளவா குடிக்கிறவர் ஆரோக்கியமாத்தானே தெரிவார்?

6/ "ரெஸ்வெரட்ரால் இருக்கே டாக்டர்?" ஒரு லிட்டர் ஒயினில் சில மில்லிகிராம்தான். ஆய்வுகளில் மாத்திரையா கொடுத்தது நூற்றுக்கணக்கான மில்லிகிராம்.

7/ இப்போ கணக்கு. 13.5% ஒயின், 150 மி.லி. கிளாஸ்: சுமார் 16 கிராம் ஆல்கஹால். ரெண்டு கிளாஸ் 32 கிராம். ஒரு கட்டிங் (90 மி.லி.) பிராந்தியில் சுமார் 30 கிராம். கட்டிங் அடிக்கிறவரைக் 'குடிகாரன்'னு சொல்லிட்டு, நாம மட்டும் 'ரசிகர்' ஆகிட முடியாது. கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

8/ சாப்பாட்டோட குடிச்சா ஆல்கஹால் ரத்தத்தில் மெதுவா ஏறும், அவ்வளவுதான். குடிச்ச அளவு குறையாது.

9/ மதுவைப் புற்றுநோய்க் காரணின்னு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே சொல்லிடுச்சு. பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்லைன்னு 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பிரான்ஸின் சுகாதாரத் துறையே 2017 முதல் சொல்வது: ஒரு நாளைக்கு 2 அளவுக்கு மேல் வேண்டாம், அதுவும் தினமும் வேண்டாம். அவங்க ஒரு அளவு 10 கிராம். நம்ம ரெண்டு கிளாஸ் அதுக்கே மேல போகுது.

10/ கடைசியா ஒண்ணு. ஒயினை ருசி பார்ப்பதையே தொழிலா வெச்சிருக்கவங்க வாயில் வெச்சு உருட்டிட்டுத் துப்பிடுவாங்க. ருசி நாக்கிலும் மூக்கிலும்தான். குடிக்காதவங்க இதயத்துக்காக ஆரம்பிக்கவே வேணாம். குடிக்கிறவங்க, "பிடிச்சிருக்கு, குடிக்கிறேன்"னு நேர்மையா சொல்லுங்க. எவ்வளவுன்னு உங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. என் பெயரைச் சொல்லி மட்டும் குடிக்காதீங்க. 🙏