ஜெபாட்டுக்காகக் கைதட்டும் முன்

ஐந்தாம் படிவத்தில் படித்தபோது, மலாய்மொழி வாதப் போட்டி ஒன்றில் நான் ஹங் ஜெபாட்டின் பக்கம் பேசினேன். நீதிக்காக நின்றவன் ஜெபாட். துவா அரசனின் வெறும் அடிமை என்று முழங்கினேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. போட்டி முடிந்ததும் மலாய் ஆசிரியை ஒருவர் என்னை அழைத்து, "நன்றாகப் பேசினாய். ஆனால், அரண்மனைக்குள் ஜெபாட் கொன்றானே சில பெண்கள், அவர்களுக்கு என்ன நீதி?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் 'ஹிகாயாட் ஹங் துவா'வைப் படித்ததே இல்லை. ஒரு படத்தையும் ஒரு நாடகச் சுருக்கத்தையும் நம்பிப் பேசியிருந்தேன்.

அந்தக் கேள்வி இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. புராணக் கதைகள் மீண்டும் திரையை நிறைத்துக்கொண்டிருக்கின்றன. 2023இல் 'ஆதிபுருஷ்', 2024இல் 'கல்கி 2898 ஏடி', 2025இல் 'மகாவதார் நரசிம்மா' என்னும் அசைவூட்டப் படம், அதே ஆண்டு அக்டோபரில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கிய மகாபாரதத் தொடர். ஒவ்வொன்றும் வரும்போது அதே சண்டைதான்: "கதையை மாற்றிவிட்டார்கள்!" 'ஆதிபுருஷ்' படத்தில் அனுமன் பேசிய கொச்சையான வசனங்களைப் படம் வெளியான பிறகும் திருத்த வேண்டி வந்தது. சீதை பிறந்த மண் எது என்ற சர்ச்சையில் காட்மாண்டுவில் இந்திப் படங்களுக்கே தடை விதித்தார்கள்.

மாற்றலாமா கூடாதா என்று கேட்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. மாறாமல் இருந்த கதை எது? யார் மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள், மாற்றும்போது எதைக் கீழே போட்டுவிட்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இதைப் பார்க்க இந்தியா வரை போக வேண்டாம். நம் நாட்டிலேயே சுமார் எழுபது ஆண்டுகளாக ஒரு கதை மறுபடி மறுபடி எழுதப்பட்டு வருகிறது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அவதூறை நம்பிய சுல்தான், குற்றமற்ற துவாவைக் கொல்லச் சொல்கிறார். பெண்டாஹாரா அவனைக் கொல்லாமல் மறைத்துவைக்கிறார். துவாவின் பதவியும் தாமிங் சாரி கெரிஸும் நண்பன் ஜெபாட்டிடம் வருகின்றன. நண்பன் இறந்துவிட்டான் என்று நம்பும் ஜெபாட் அரண்மனையைக் கைப்பற்றுகிறான். துவா உயிரோடிருப்பதை அறிந்த சுல்தான் அவனை வரவழைத்து ஜெபாட்டைக் கொல்லச் சொல்கிறார். துவா கொல்கிறான்.

மூலம் ஒன்றே ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். 'சுலாலத்துஸ் சலாத்தின்' நூலின் பழைய பிரதியில் கலகம் செய்பவன் ஜெபாட் அல்ல, ஹங் கஸ்தூரி! இரண்டு நூல்களும் 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. இரண்டும் நமக்கு முற்றிலும் அந்நியமானவையும் அல்ல. சுலாலத்துஸ் சலாத்தினில் கெலிங் நாட்டு அரசன் ஒருவன் கண்ணாடிப் பெட்டியில் கடலடிக்குப் போய் அங்கே மணம் முடிக்கிறான்; மலாக்கா அரச மரபின் வேர் அந்த வழியில் சொல்லப்படுகிறது. ஹிகாயாட்டில் துவா விஜயநகரத்துக்கே தூது போகிறான். (இன்று நம்மை நோகடிக்கும் 'கெலிங்' என்ற சொல், அந்த ஏடுகளில் வெறும் நாட்டுப் பெயர்தான்.)

பல காலம் துவாதான் நாயகன். 1950களில் கதை திரும்பியது. சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட 1956ஆம் ஆண்டுப் படத்தில் பி. ரம்லி துவாவாக நடித்தார். இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பானி மஜும்தார். அந்தப் படமே, யார் செய்தது சரி என்ற சந்தேகத்தோடு துவாவை நிற்க வைத்து முடிகிறது. 1959இல், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் காசிம் அஹ்மட், ஹிகாயாட்டின் பாத்திரங்களைப் பற்றிய ஆய்வேட்டில் உண்மையான வீரன் ஜெபாட்டே என்று வாதிட்டார். 1961இல் ஹுசேன் ஹனிஃப் இயக்கிய 'ஹங் ஜெபாட்' படம் வந்தது. அதே ஆண்டு உஸ்மான் அவாங்கின் நாடகமும் ஜெபாட்டின் சாவை ஒரு வீரனின் சாவாகக் காட்டியது.

ஏன் அந்தச் சில ஆண்டுகளில்? 1957இல் நாடு விடுதலை பெற்றது. அதுவரை குடிகளாக இருந்தவர்கள் குடிமக்கள் ஆனார்கள். வாக்குச்சீட்டு கையில் வந்தது. அரசன் தவறு செய்தால் என்ன செய்வது என்ற கேள்வியைக் கேட்க அவர்களுக்கு ஒரு பழைய முகம் தேவைப்பட்டது. ஜெபாட் அகப்பட்டான். ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. சுலாலத்துஸ் சலாத்தினில் டெமாங் லேபார் டாவுனும் சங் சபூர்பாவும் செய்துகொள்ளும் உடன்படிக்கையிலேயே அது இருக்கிறது: குடிகள் துரோகம் செய்யக்கூடாது, அரசனும் குடிகளை அவமானப்படுத்தக்கூடாது. பாதி உடன்படிக்கையை மட்டும் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தோம்.

தமிழ் மாணவர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. செஞ்சோற்றுக் கடனுக்காக உயிர்விட்ட கும்பகருணனா, அறத்தின் பக்கம் போன வீடணனா என்று எத்தனை பட்டிமன்றம் கேட்டிருப்போம்! துவாவும் செஞ்சோற்றுக் கடன் கழித்தவன்தான் என்று முதலில் எண்ணினேன். ஆனால், கம்பனின் கும்பகருணன் போருக்குப் போகும் முன் இராவணனின் முகத்துக்கு நேரே, நீ செய்தது தவறு, சீதையை விட்டுவிடு என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். துவா தன் சுல்தானிடம் அப்படிச் சொன்னதாக நான் காணவில்லை. இந்த ஒரு வேறுபாடு எனக்குப் பெரிது.

சரி, ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் ஹிகாயாட்டைக் கையில் எடுத்தேன். காசிம் அஹ்மட் பதிப்பித்த பிரதிதான் அது. ஆய்வேடு எழுதியதோடு நிற்காமல், 1964இல் மூலத்தையே பதிப்பித்து எல்லாரும் படிக்கக் கொடுத்தவர் அவர். அதில் ஜெபாட் அரண்மனைப் பெண்களைக் கொன்று குவிக்கிறான். குத்துப்பட்ட பிறகு வெறிபிடித்து நகரத்துக்குள் ஓடி, எதிர்ப்பட்டவர்களை எல்லாம் வெட்டுகிறான். நண்பனுக்காக எழுந்த கோபம், அந்த வழக்கில் சம்பந்தமே இல்லாதவர்கள் மீது விழுகிறது. நான் பார்த்த, கேட்ட ஜெபாட் கதைகளில் இந்தப் பக்கங்கள் ஓரமாகப் போய்விட்டன. வீரனாக்க வேண்டும் என்றால் கையிலுள்ள இரத்தத்தைக் கொஞ்சம் துடைக்க வேண்டியிருக்கிறது. மரபைக் காப்பவர்களும் இதைச் செய்கிறார்கள், மரபை உடைப்பவர்களும் செய்கிறார்கள்.

பெண்களின் பக்கமிருந்து கதை நகர்ந்தது பிறகுதான். 2004இல் வந்த 'புத்ரி குனுங் லேடாங்', சுல்தானுக்கு நிபந்தனைகள் விதிக்கும் இளவரசியை நடுவில் நிறுத்தி, துவாவை அவள் காதலன் ஆக்கியது. ஆஸ்கருக்கு மலேசியா அனுப்பிய முதல் படம் அது. காதல் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அரச கட்டளைக்குப் பணிவது ஒரு பெண்ணிடமிருந்து என்ன பறிக்கிறது என்று அது கேட்டது. தமிழில் புதுமைப்பித்தன் இதை 1943லேயே செய்துவிட்டார். 'சாபவிமோசனம்' கதையில், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கோடிக்கணக்கில் செலவழித்த எந்த வரைகலைக் காட்சியும் எனக்கு அந்தக் கடைசிப் பக்கம் தந்த அதிர்ச்சியைத் தந்ததில்லை.

இப்போது கைப்பேசியில் நாலு வரி தட்டினால் ஜெபாட்டையோ கர்ணனையோ நாமே நடமாட விடலாம். என் கல்லூரித் தோழர்கள் செய்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன். கவசம் மின்னியது, கண்ணில் தீ பறந்தது. நான் ஐந்தாம் படிவத்தில் பேசிய அதே ஜெபாட் வந்து நின்றான். அதிகம் சொல்லப்பட்ட கதையைத்தான் இயந்திரம் திருப்பிச் சொல்கிறது. அரண்மனைக்குள் என்ன நடந்தது என்று நான் கேட்காதவரை அது சொல்லவில்லை.

அந்த வாதப் போட்டித் தலைப்பு இன்று கிடைத்தாலும் நான் ஜெபாட்டின் பக்கமே பேசுவேன். அவதூறைக் கேட்டு ஒருவனைக் கொல்லச் சொன்ன அரசனிடம் யாராவது கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஆனால், எதிரணி எழுந்து கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். முதல் நிமிடத்திலேயே அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.