தபால் அட்டையில் இல்லாத கைகள்

என் நண்பர் ஒருவருக்குப் பழைய படத் தபால் அட்டைகள் சேர்ப்பதில் பைத்தியம். சென்ற வாரம் ஓர் ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே கட்டடம்: அமெரிக்காவின் ஆரெகன் மாகாணத்தில், ஹூட் மலைமேல் சுமார் 6,000 அடி உயரத்தில் நிற்கும் டிம்பர்லைன் விடுதி. ஓர் அட்டையில் கூரையெல்லாம் பனி. இன்னொன்றில் பின்னே சிகரம். மற்றொன்றில் கூடத்து நடுவே ஆறு பட்டைப் புகைபோக்கி.

"எந்தப் பிரபு கட்டினது, சார்?" என்றேன்.

"பிரபுவாவது! வேலையில்லாத ஆட்களுக்குச் சர்க்கார் கூலி கொடுத்துக் கட்டினது. வெட்டிச் செலவு. ஆனால் அழகைப் பாருங்கள்!"

அந்த 'ஆனால்' இருக்கிறதே, அதோடுதான் எனக்குச் சண்டை.

பொருளாதார மந்தத்தில் அந்த நாடே வேலையிழந்து நின்ற காலம் அது. 1936-ல் வேலை தொடங்கிற்று. தொழில் தெரியாதவனுக்கு மணிக்கு 55 சென்ட். தேர்ந்தவனுக்கு 90 சென்ட். 1937 செப்டம்பர் 28-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே வந்து திறந்துவைத்தார். கழித்துப் போட்ட மரக் கம்பங்கள் மாடிப்படித் தூண்களாயின. அவற்றின் தலையில் பறவையும் கரடியும் செதுக்கினார்கள். டயர்ச் சங்கிலி கணப்புக்குத் தடுப்பாயிற்று. முகாம்களில் கிடந்த பழைய கம்பளிகளைக் கிழித்துத் தரைவிரிப்புப் பின்னினார்கள்.

இது வெட்டிச் செலவா? ஒரு கவளம் சோற்றைப் பிச்சையாகப் போட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். வாங்கியவன் தலையும் குனிந்திருக்கும். வேலையாகக் கொடுத்ததால் அவன் வீட்டில் அடுப்பும் எரிந்தது, மலைமேல் ஒரு மாளிகையும் எழுந்தது.

"1955-ல் மின்சாரக் கட்டணம் பாக்கி விழுந்து மூடினார்களே!" என்று நண்பர் மடக்கினார். மூடினார்கள், உண்மைதான். அது நடத்தியவர்களின் கோளாறு. உளி பிடித்தவன் என்ன செய்வான்? அதே வருஷம் கை மாறி மறுபடி திறந்தது. 1977-ல் தேசிய வரலாற்றுச் சின்னமும் ஆயிற்று.

ஆல்பம் முழுவதும் புரட்டிவிட்டேன். பனி இருக்கிறது, சிகரம் இருக்கிறது, பனிச்சறுக்கு விளையாட வந்த கனவான்களும் இருக்கிறார்கள். கட்டியவன் முகம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் என் நண்பரைப் போன்ற நல்லவர்களுக்கும் நாக்கில் 'ஆனால்' வருகிறது. வேலையில்லாதவன் கட்டினான், *ஆகையால்* அழகாயிருக்கிறது என்கிறேன் நான். வேலைக்கு ஏங்கிய கைக்குத்தான் வேலையின் அருமை தெரியும்.