பீப்பாயைச் சுற்றி யார் உட்கார்ந்தார்கள்?

2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓர் உணவக நிறுவனம் தன் சின்னத்தை மாற்றியது. பழைய சின்னத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பீப்பாய் மீது சாய்ந்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. வலதுசாரிகள் கொதித்தெழுந்தார்கள். பண்பாடே பறிபோய்விட்டதாகப் புலம்பினார்கள். பங்கு விலை சரிந்தது. அதிபர் டிரம்ப் தலையிட்டு, பழைய படத்துக்கே திரும்பச் சொன்னார். ஒரே வாரத்தில் நிறுவனம் பணிந்தது. பெரியவர் மறுபடி பீப்பாயடிக்கு வந்து சேர்ந்தார்.

அந்த நிறுவனத்தின் பெயர் கிராக்கர் பேரல். தாராளவாத நண்பர்கள் பலர் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு லோகோவுக்கு இவ்வளவு அழுகையா என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதவர்கள் எதற்காக அழுதார்கள் என்பதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

நான் அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உணவகங்களில் நடந்த இனப்பாகுபாடு பற்றிய வழக்குகள் என் ஆய்வின் ஒரு பகுதி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சாப்பாடு எனக்குப் பிடிக்கும். சோளமாவு ரொட்டி, பொரித்த கோழி, மாவில் புரட்டி வறுத்த வெண்டைக்காய், பன்றிக்கறி போட்டு வேகவைத்த கீரை, தட்டைப்பயறு. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்திக்கு இதில் எதுவும் அந்நியம் இல்லை. வெண்டைக்காயும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் இந்த மண்ணுக்கு வந்தவை. அவற்றை இங்கே விதைத்து, சமைத்து, ருசியாக்கியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். இன்று தென்னாட்டு வீட்டுச் சாப்பாடு என்று அமெரிக்கா முழுக்க விற்கப்படுவதில் பெரும்பங்கு அவர்கள் கைப்பக்குவம்.

அப்படியானால் விற்கிறவர் யார்? சின்னத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்?

கடையும் கடனும்

கிராக்கர் பேரல் 1969-இல் டென்னசி மாநிலத்தின் லெபனான் என்ற ஊரில் தொடங்கியது. தொடங்கிய டான் எவின்ஸ் ஷெல் பெட்ரோல் வியாபாரத்தில் இருந்தவர். நெடுஞ்சாலையில் பெட்ரோல் விற்பனையைப் பெருக்கவே சாப்பாட்டுக் கடையைச் சேர்த்தார். இன்று நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் அறுநூறுக்கு மேற்பட்ட கிளைகள். எல்லாக் கிளையும் ஒரே அச்சு. வாசலில் ஆடும் நாற்காலிகள். கதவுக்கு மேலே நுகத்தடியும் குதிரை லாடமும். சுவர் முழுக்கப் பழைய விவசாயக் கருவிகள், துருப்பிடித்த விளம்பரத் தகடுகள், யாரோ ஒருவர் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். ஒட்டியே ஒரு கடை. அதில் ஜாம், ஊறுகாய், பான்கேக்குக்கு ஊற்றும் பாகு எல்லாம் பழங்காலத்துப் புட்டிகளில் இருக்கும். நிறுவனம் பிறந்தது 1969-இல். பெரியவர் சின்னத்தில் ஏறியது 1977-இல். ஆக, மக்கள் கண்ணீர் விட்ட அந்தப் பழமைக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

அது நடிக்கும் பழமைதான் இன்னும் பழையது. கிராமத்து மளிகைக் கடைகளில் உப்பு பிஸ்கட்டுகள் பீப்பாயில் வரும். அதைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நிறுவனத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தென்மாநிலங்களில் அந்த மளிகைக் கடை ஊர்க்கதை பேசும் திண்ணையாக மட்டும் இருந்ததில்லை. குத்தகை உழவர்கள் விதைக்கும் உரத்துக்கும் உப்புக்கும் அங்கேதான் கடன் வாங்க வேண்டும். வரப்போகும் பருத்தி விளைச்சல்தான் அடமானம். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்கான கடன். ஏழை வெள்ளை உழவரும் இதில் சிக்கினார். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த கறுப்பின உழவரோ, கணக்கு நோட்டைக் காட்டு என்று கேட்கவே அஞ்ச வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பண்ணையார் வீட்டுப் பற்று நோட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுவரில் நுகத்தடி தொங்குகிறது. அந்த நோட்டு தொங்கவில்லை.

சமைக்கலாம், உட்காரக் கூடாது

1960 பிப்ரவரி 1 அன்று வடகரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வர்த் கடையின் உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். அங்கே அவர்கள் பொருள் வாங்கலாம், உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அந்த உட்கார்தல் தென்மாநிலங்கள் முழுக்கப் போராட்டமாகப் பரவியது. 1964-இல் குடியுரிமைச் சட்டம் வந்து உணவகங்களில் இனப்பாகுபாட்டைத் தடை செய்தது.

உடனே ஒரு வழக்கு. அலபாமாவின் பர்மிங்காமில் ஆலிஸ் பார்பெக்யூ என்ற குடும்ப உணவகம். சுட்ட இறைச்சியும் வீட்டுப் பக்குவத்தில் செய்த இனிப்புகளும் அதன் பெருமை. உள்ளே வெள்ளையர் மட்டும் உட்காரலாம். கறுப்பினத்தவர் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். அங்கே வேலை பார்த்தவர்கள் 36 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். சமைக்கும் கை தீட்டில்லை, உட்காரும் உடல்தான் தீட்டு. 1964 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உணவகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

தீண்டாமை இப்படித்தான் கணக்குப் போடும். உழைப்பு வேண்டும், உடன் இருப்பு வேண்டாம். தேநீர்க் கடையின் இரட்டை டம்ளருக்கும் பர்மிங்காமின் பொட்டலத்துக்கும் நடுவில் கடல் இருக்கலாம், கணக்கு ஒன்றுதான்.

சட்டத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதா? டென்னிஸ் என்ற மற்றொரு பெரிய உணவகத் தொடர், கறுப்பின வாடிக்கையாளர்களைப் பாகுபடுத்தியதாக எழுந்த வழக்குகளில் 1994-இல் 5.4 கோடி டாலருக்கு மேல் தரச் சம்மதித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் அதிபரின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த ஆறு கறுப்பின அதிகாரிகளும் உண்டு. 2004-இல் அமெரிக்க நீதித்துறை கிராக்கர் பேரல் மீது நடவடிக்கை எடுத்தது. ஏழு மாநிலங்களில் ஏறக்குறைய ஐம்பது கிளைகளில் கறுப்பினத்தவரைத் தனிப் பகுதியில் உட்கார வைத்தது, வெள்ளையருக்குப் பிறகு கவனித்தது போன்றவை குற்றச்சாட்டுகள். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஊழியர்களுக்குப் பயிற்சி தரவும், வெளியாட்களை வாடிக்கையாளர் போல அனுப்பிச் சோதிக்கவும் உடன்பட்டது. அதே ஆண்டு தனியார் தொடுத்த வழக்குகளை முடிக்க 87 லட்சம் டாலர் கொடுத்தது. அதற்கு முன், 1991-இல், தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கு வேலை இல்லை என்று வெளிப்படையாகவே கொள்கை வகுத்துப் பலரை வேலையை விட்டு நீக்கியது. பங்குதாரர்கள் பத்தாண்டு போராடிய பிறகு, 2002-இல்தான் பாகுபாடு காட்டுவதில்லை என்ற விதியில் அவர்களையும் சேர்த்தது.

எல்லோருக்கும் வீட்டு நினைவைத் தருகிறேன் என்று சொல்லும் இடம், யார் வீட்டார் என்பதையும் தானே முடிவு செய்துகொண்டது.

கடுகுச் சாறும் கொடியும்

பக்கத்து மாநிலமான தென்கரோலினாவில் சுட்ட பன்றிக்கறிக்கு மஞ்சள் நிறக் கடுகுச் சாறு ஊற்றுவார்கள். புளிப்பும் இனிப்பும் காரமுமாக நாக்கைச் சுண்டும். அதைப் புட்டியில் அடைத்து நாடு முழுக்க விற்றவர் மாரிஸ் பெஸிங்கர். பிக்கி பார்க் என்ற உணவகத் தொடரின் முதலாளி. 1964-இல் ஆன் நியூமன் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு அவர் கடையில் உணவு மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குடியுரிமைச் சட்டம் தன் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று பெஸிங்கர் தரப்பு வாதாடியது. 1968-இல் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்தது. இத்தகைய வழக்குகளில் வென்றவருக்கு வழக்கறிஞர் கட்டணமும் பொதுவாகக் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஏழைகள் வழக்குத் தொடுக்க அந்தத் தீர்ப்பு இன்றும் கைகொடுக்கிறது.

பெஸிங்கர் திருந்தவில்லை. 2000-இல் மாநிலத் தலைமைச் செயலக மாடத்திலிருந்து அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் கொடி இறக்கப்பட்டதும், தன் கடைகளில் அதை ஏற்றினார். பல பெரிய அங்காடிகள் அவருடைய சாற்றுப் புட்டிகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. கடுகு அப்பாவி. அந்தச் சாற்றைத் தென்கரோலினாவில் கறுப்பினச் சமையற்காரர்களும் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் புட்டிமேல் ஒட்டிய பெயர் எதற்குக் காசு சேர்க்கிறது என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

புட்டிக்குள் போன பெண்கள்

ஆன்ட் ஜெமைமா என்ற பான்கேக் மாவையும் பாகையும் விற்ற நிறுவனம், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மாபெரும் மாவுப் பீப்பாய் ஒன்றை நிறுவியது. அதன் பக்கத்தில் நின்று பான்கேக் சுட்டவர் நேன்சி கிரீன். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். சிரித்த முகத்தோடு பழைய பண்ணைக் காலத்தை இனிமையாகப் பேசுவதுதான் அவருக்குக் கொடுத்த வேடம். அடிமையாக இருந்தவரின் வாயாலேயே அடிமைக்காலத்துக்கு ஏக்கம் விற்றார்கள். 1923-இல் அவர் இறந்தார். 2020 வரை அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிந்தைய போராட்டங்களின் அழுத்தத்தில் நிறுவனம் அந்தப் பெயரையும் படத்தையும் கைவிட்டது. 2021-இலிருந்து அந்தப் புட்டியில் வேறு பெயர். இழிவான வேடம் போனது நல்லது. ஆனால் வேடத்தோடு அந்தப் பெண்ணும் மறக்கப்பட்டால், லாபம் மட்டும் நிறுவனத்திடம் தங்கிவிடும்.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். ஏபி ஃபிஷர். அவரும் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. சான் பிரான்சிஸ்கோவில் தன் பெயரிலேயே ஊறுகாயும் பழப்பாகும் விற்றார். 1880-இல் அங்கு நடந்த கண்காட்சியில் ஊறுகாய், சாறு வகைகளுக்குப் பதக்கம் வாங்கினார். வாயால் சொல்லி எழுத வைத்து 1881-இல் தென்னாட்டுச் சமையல் நூலும் வெளியிட்டார். நேன்சி கிரீனிடம் சிரிப்பைக் கேட்டார்கள். ஏபி ஃபிஷர் தன் பெயரைப் போட்டார். நமக்குத் தேவை இரண்டாவது வழி.

நம் ஊர் அம்மி

இப்போது நம் பக்கம் வருவோம். பொது உணவகங்களில் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. அமெரிக்கச் சட்டத்துக்குப் பதினான்கு ஆண்டு முன்னால். தொடர்வண்டி நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கு இருந்த தனியிடம் அதற்கும் முன்பே, 1941-இல், பெரியாரின் எதிர்ப்பால் ஒழிந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அன்றும் பலர் சிரித்தார்கள், ஒரு சொல்லுக்கு இவ்வளவு போராட்டமா என்று. பலகைச் சொல் மற்ற எல்லாரையும் தாழ்ந்தவர் என்று தினமும் அறிவித்துக்கொண்டிருந்ததைப் பெரியார் கண்டார்.

இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் கிராமத்து உணவகங்கள் முளைக்கின்றன. கயிற்றுக் கட்டில், மாட்டுவண்டிச் சக்கரம், அம்மி, உரல், மண்சட்டி, வாழையிலை. நாட்டுக்கோழி உண்டு, கருவாடு உண்டு. நான் போன இடங்களில் மாட்டுக்கறி மட்டும் இல்லை. எந்தக் கிராமம் இது? ஊர் இருக்கிறது, சேரி எங்கே? அலமாரியில் கல்லில் அரைத்த பருப்புப்பொடியும் பாட்டி கைமணம் என்ற மாவடுவும் இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு இருக்கின்றன. சாதிப் பெயரே தரச்சான்றாக ஒட்டப்பட்ட புட்டிகளும் உண்டு. கேரளத்தில் 'பிராமின்ஸ்' என்றே பெயர் கொண்ட மசாலா நிறுவனம் ஒன்றை 2023-இல் விப்ரோ குழுமம் வாங்கியது. யாரும் திடுக்கிடவில்லை. மறுபக்கம், 2016-இல் சந்திர பான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரில் மாங்காய் ஊறுகாயும் மிளகாய்த் தூளும் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, சாப்பாட்டில் ஏன் சாதி என்று கேட்டார்கள். முதல் புட்டியில் சாதி தூய்மை. இரண்டாவது புட்டியில் அதே சாதி அரசியல். சந்தையில் முன்னேறுவதே விடுதலை என்ற பிரசாத்தின் பார்வையோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அம்பலப்படுத்தியதற்கு அவருக்கு நன்றி.

ஏக்கம் யாருக்கும் சொந்தமில்லை என்று நான் சொல்லவில்லை. என் கறுப்பினத் தோழி ஒருத்தியின் பாட்டி, பயணம் போகும்போது செருப்புப் பெட்டியில் பொரித்த கோழியைக் கட்டி எடுத்துப் போவாராம். வழியில் எந்தக் கடை உள்ளே விடும் என்று தெரியாது. தோழியின் அப்பாவோ ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் இப்படிப்பட்ட ஓர் உணவகத்தில்தான் குடும்பத்தோடு சாப்பிடுவார். அம்மா செய்த கீரையின் ருசி அங்கே கிடைக்கிறது என்பார். அவர் ஏமாளி இல்லை. அந்த ருசி அவருடையது. உள்ளே உட்காரும் உரிமை அவருடைய தலைமுறை போராடி வாங்கியது. ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் ருசியைத் திரும்ப எடுத்துக்கொள்வது வேறு. ஒடுக்கியவர்கள் ஒடுக்குமுறையை மறைத்துவிட்டு ருசியை மட்டும் காட்டுவது வேறு.

ஆகவே தோழர்களே, வெண்டைக்காயையும் மாவடுவையும் விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் மேசைக்குக் கொண்டுபோங்கள். இதைச் சமைக்கக் கற்றவர்கள் யார், அவர்கள் பெயர் எங்கே? சமைப்பவருக்கு இன்று என்ன கூலி? இந்தப் பழங்காலத்தில் என் பாட்டி எந்த வாசல் வழியாக வந்திருப்பாள்? மூன்றாவதுக்குப் பின்வாசல் என்று பதில் வந்தால், சாப்பிட்டு முடித்து, கல்லாவில் இருப்பவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள். சுவரில் அம்மியும் உரலும் இருக்கட்டும். பக்கத்தில் அந்த இரண்டாவது டம்ளரையும் மாட்டி வையுங்கள் என்று.