முகம் மாறிய ஜனதா

நமது தகப்பனார் விட்டுச் சென்ற ஆஸ்திகளில் ஒரு கைக்கடிகாரமும் உண்டு. 'ஜனதா' என்பது அதன் திருநாமம். நெல்லிக்குப்பத்துக் கரும்பாலையின் காலைச் சங்கு ஊதியதும் அதற்குச் சாவி கொடுப்பது அவருடைய நித்திய கர்மங்களில் ஒன்று. சென்ற மாதம் அதைப் புதல்வனுக்கு அளிக்க எண்ணினோம். பழுப்பேறிய முகத்துடன் கொடுப்பானேன் என்று அயலூர்க் கடை ஒன்றில் சேர்ப்பித்தோம். நாலு நாளில் பளபளவென்று திரும்பி வந்தது.

பழங் கடிகாரங்களைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர் பூதக்கண்ணாடி கொண்டு அதைச் சோதித்தார். "யந்திரம் அசல், முகப்பில் புதுச் சாயம். சேகரிப்போர் இதை ஏறெடுத்தும் பாரார்" என்றார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது!

இந்தப் பழம்பொருளுக்கு இத்தனை மோகம் ஏன் என்று வினவினோம். 1953-ல் ஸ்தாபிதமான எச்.எம்.டி., 1961-ல் ஜப்பானிய 'சிட்டிஸன்' கம்பெனியின் ஒத்துழைப்புடன் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அந்நிய நாட்டுக் கடிகாரத்தையே நம்பியிருந்த மணிக்கட்டுகளில் சுதேசிக் கடிகாரம் ஏறியது. பிறகு பாட்டரிக் கடிகாரங்கள் பெருகின. ஓசூரில் டைட்டன் எழுந்தது. 2016-ல் மத்திய சர்க்கார் எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூடத் தீர்மானித்தது. வமிசம் அற்றுப்போனதும் மதிப்பு ஏறிவிட்டது.

கூட்டிலும் சூட்சுமம் உண்டாம். பழைய ஜனதாக்கள் பலவற்றில் பின்மூடி மட்டுமே எவர்சில்வர். மேற்கூடு குரோமியம் பூசிய பித்தளை. நம் தேசத்து வியர்வை பட்டுப் பட்டுப் பூச்சு உரிந்து மஞ்சள் தெரியும். எவர்சில்வரிலோ குரோமியம் உலோகத்துடனேயே கலந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் மேலே மெல்லிய காப்புப் படலம் உண்டாகும். கீறினாலும் மறுபடி படரும். ஆகவே முழுக்கூடும் எவர்சில்வராய், முகப்பும் தீண்டப்படாததாய் உள்ள பழங் கடிகாரம் அகப்பட்டால் சேகரிப்போருக்குப் புதையல் கிடைத்தாற்போல்தான். பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒட்டுப்போட்டு, புது முகம் எழுதி, 'பழசு' என்று விற்போரும் இருப்பதால் அசல் முகத்துக்கே முதல் மரியாதை.

கோயில் கல்வெட்டின்மீது சுண்ணாம்பு அடிப்போரை வகுப்பில் எத்தனை முறை கடிந்திருக்கிறோம்! அதே கைங்கரியத்தை வீட்டிலேயே செய்துவிட்டோம். கடைக்கு ஓடிச் சென்று கேட்டதற்கு, பழைய சாயத்தைச் சுரண்டியாகிவிட்டது என்றார்கள். ஒன்பது மணிக்கு அருகே ஒரு பழுப்புக் கறை இருந்தது. ஒரு மழைக்காலத்தில் தகப்பனார் நனைந்துகொண்டே வீடு திரும்பிய நாளில் ஏற்பட்டது. அதுவும் போயிற்று.

நேயர்கள் வீட்டில் பழங் கடிகாரம் இருந்தால் அழுக்கெடுத்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். முகப்பைத் தொட வேண்டாம் என்று சீட்டில் எழுதியே கொடுங்கள்.

புதல்வனிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டோம். அவன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுகிறதே, அப்பா!" என்று கட்டிக்கொண்டான். ஓடத்தான் ஓடுகிறது.