பெரிய டர்போ போட்டால் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கும்போது சிலர் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்ப்பார்கள். காரில் டர்போவை மாற்றுபவர்கள் குதிரைத்திறனை மட்டும் பார்க்கிறார்கள். சாஃப்ட்வேர் இன்ஜினீயரான எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

இன்ஜின் வெளியேற்றும் புகையின் விசையில் சுழன்று, கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. அமெரிக்காவில் 2002 மாடலாக வந்த சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸை எடுத்துக்கொள்வோம். 2 லிட்டர் இன்ஜின், 227 குதிரைத்திறன். அதிலுள்ள டிடி04 டர்போ சிறியது, சீக்கிரம் வேகமெடுக்கும். மிகப் பெரிய டர்போவைப் போட்டால் அதிக ஆர்பிஎம்மில் சக்தி கூடும். ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் அதைச் சுழற்றப் புகை போதாது. கார் மந்தமாக நகரும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் சாலையில் நாம் ஓட்டுவது அந்த ஆர்பிஎம்மில்தானே?

கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோலும் வேண்டும். இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் இரண்டும் ஈடுகொடுக்க வேண்டும். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரான இசியூவின் ப்ரோக்ராமையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் 'நாக்' ஆகிப் பிஸ்டனே உடையலாம். சிறிய எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டால் கம்ப்யூட்டர் அணைந்துபோகும்; இங்கே இன்ஜினே போய்விடும்.

என் யோசனை இதுதான்: ரேஸுக்குப் போகாதவர்கள் இருப்பதைவிடச் சற்றே பெரிய டர்போவை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை இசியூ ட்யூனிங்குக்கு ஒதுக்குங்கள்.